செவ்வாய் மண்ணில் செயற்கைக் கண்கள்

நுழையும்முன்

மனிதர் கால்பதித்த வேற்றுலகம் நிலவு ஒன்றே. செவ்வாய்க் கோளின் தரையில் இதுவரை எந்த மனிதரும் நின்றதில்லை. ஆயினும் அங்குள்ள பாறைகளின் அடுக்குகளும் மணல்மேடுகளும் மாலை வானமும் இன்று பள்ளி மாணவர்க்கும் பழகிய காட்சிகள். ரோவர் எனப்படும் தானியங்கித் தரையூர்திகளின் ஒளிப்படக் கருவிகளே அக்காட்சிகளை அனுப்பின. அக்கருவிகள் எவ்வாறு காண்கின்றன, கண்டதை எவ்வாறு அளக்கின்றன, கண்டது மெய்தான் என்பதை அறிவியலாளர் எவ்வாறு உறுதிசெய்கின்றனர் என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கண்ணுக்கும் கைக்கும் இடையே உள்ள தொலைவு

1970ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் சோவியத் ஒன்றியத்தின் லூனா 17 விண்கலம் நிலவில் தரையிறங்கியது. அதிலிருந்து எட்டுச் சக்கரங்களுடன் இறங்கிய லூனகோட் 1 என்னும் ஊர்தியே வேற்றுலகம் ஒன்றில் தொலைவிலிருந்து இயக்கப்பட்ட முதல் ஊர்தியாகும். புவியில் அமர்ந்திருந்த ஐவர் குழு அதனைச் செலுத்தியது. ஊர்தியின் முன்புறத் தொலைக்காட்சிக் கருவிகள் அனுப்பிய படங்கள் ஓடும் காட்சிகளாக வரவில்லை. சில நொடிகளுக்கு ஒன்றாக, நிலைப்படங்களாக வந்தன. புவியிலிருந்து செல்லும் குறிப்பலை நிலவை அடைந்து திரும்ப ஏறத்தாழ இரண்டரை நொடிகள் ஆகும். இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டே அக்குழுவினர் ஊர்தியை ஏறத்தாழ பத்தரைக் கிலோமீட்டர் தொலைவு ஓட்டினர். 20,000க்கும் மேற்பட்ட படங்கள் புவிக்கு வந்தன.

செவ்வாயில் இம்முறை செல்லாது. செவ்வாய் புவிக்கு மிக அண்மையில் வரும்போது ஏறத்தாழ 5.5 கோடிக் கிலோமீட்டர் தொலைவிலும், மிக விலகிச் செல்லும்போது ஏறத்தாழ 40 கோடிக் கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கும். ஒளியின் விரைவில் செல்லும் வானொலி அலை இத்தொலைவைக் கடக்க 3 நிமிடங்கள் முதல் 22 நிமிடங்கள் வரை எடுத்துக்கொள்கிறது.

ஒரு வழிப் பயணத்திற்குப் பத்து நிமிடங்கள் ஆகும் ஒரு நாளை எண்ணிப்பார்க்கலாம். ஊர்தியின் முன்னே ஒரு பள்ளம் தோன்றுகிறது. அதன் படம் புவியை அடையும்போது பத்து நிமிடங்கள் கழிந்திருக்கும். அதனைக் கண்ட அந்த நொடியிலேயே 'நில்' என்று ஆணை பிறப்பித்தாலும், அவ்வாணை ஊர்தியை அடைய மேலும் பத்து நிமிடங்கள் ஆகும். மணிக்கு 120 மீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி அந்த இருபது நிமிடங்களில் 40 மீட்டர் சென்றிருக்கும். பள்ளம் பத்து மீட்டரில் இருந்திருந்தால், ஆணை சென்று சேரும் இடத்தில் ஏற்றுச் செயல்படும் நிலையில் ஊர்தி இராது.

ஆகவே செவ்வாய் ஊர்தியை எவரும் புவியிலிருந்து நேரடியாக ஓட்டுவதில்லை. அங்கு ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடங்கள் 35 நொடிகள். அந்நாள் முழுவதற்குமான பணிப்பட்டியல் பெரும்பாலும் காலையில் அனுப்பப்படுகிறது. ஊர்தி அதனைத் தானே நிறைவேற்றிப் படங்களையும் தரவுகளையும் திருப்பி அனுப்புகிறது. அப்படங்களை ஆராய்ந்தே மறுநாள் பணி வகுக்கப்படுகிறது. பழுதுபார்க்க அங்கு எவரும் இல்லை. கவிழ்ந்தால் நிமிர்த்தவும் எவரும் இல்லை. அடுத்த அடி பாதுகாப்பானதா என்பதற்குப் படமே முதற்சான்று. எனவே அப்படம் அழகாக இருப்பதைக்காட்டிலும் அளக்கத்தக்கதாக இருப்பதே முதன்மையானது.

இரு கண்களின் கணக்கு

ஒற்றைப் படத்தில் அண்மையிலுள்ள சிறுகல்லும் தொலைவிலுள்ள பெரும்பாறையும் ஒரே அளவினவாகத் தோன்றலாம். எது அருகில், எது தொலைவில் என்பதை அறிய இரண்டு கண்கள் தேவைப்படுகின்றன. முகத்திற்கு நேரே ஒரு விரலை நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பார்த்தால் விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். விரலை முகத்தருகே கொண்டுவந்தால் அப்பெயர்ச்சி மிகுதியாகும், விலக்கினால் குறையும். மனித மூளை இந்த வேறுபாட்டைக் கொண்டே தொலைவை உணர்கிறது.

ஊர்தியிலும் இதே முறை பின்பற்றப்படுகிறது. ஒரே மட்டத்தில், ஒன்றுக்கொன்று சற்று இடைவெளிவிட்டு இரண்டு ஒளிப்படக் கருவிகள் பொருத்தப்படுகின்றன. இரண்டும் ஒரே காட்சியைப் படமெடுக்கின்றன. இடப்படத்திலுள்ள ஒரு கல்லின் விளிம்பு வலப்படத்தில் எங்கே உள்ளது என்று கணினி தேடுகிறது. இரு படங்களிலும் அவ்விளிம்பு எத்தனைப் படப்புள்ளிகள் விலகியுள்ளது என்பது தெரிந்தால், கருவிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கொண்டு முக்கோணக் கணக்கின்வழித் தொலைவைக் கண்டறியலாம். இவ்வாறு பல்லாயிரம் புள்ளிகளுக்குத் தொலைவும் உயரமும் கணக்கிடப்படும்போது, தட்டையான இரு படங்களிலிருந்து மேடுபள்ளங்களைக் காட்டும் நிலவடிவம் உருவாகிறது.

இக்கணக்கிற்கு எல்லை உண்டு. தொலைவு இருமடங்கானால் விலகல் பாதியாகக் குறையும். மிகத் தொலைவிலுள்ள பொருளின் விலகல் ஒரு படப்புள்ளியைவிடக் குறைந்துபோகும். அதனால் கண்களுக்கிடையே உள்ள இடைவெளியைக் கூட்டவேண்டியிருக்கிறது. மனிதக் கண்களின் இடைவெளி ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர். 2004ஆம் ஆண்டில் தரையிறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஆகிய நாசாவின் இரட்டை ஊர்திகளில், வழிகாணும் கருவிகளுக்கு 20 சென்டிமீட்டரும், அகன்ற நிலக்காட்சியை எடுக்கும் கருவிகளுக்கு 30 சென்டிமீட்டரும் இடைவெளி அளிக்கப்பட்டிருந்தது.

மற்றோர் எல்லையும் உண்டு. இரு படங்களிலும் ஒரே புள்ளியை அடையாளம் காணவேண்டுமெனில், அப்புள்ளி தன்னைச் சுற்றியுள்ளவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரியவேண்டும். கல்லும் நிழலும் கீறலும் நிறைந்த தரையில் இது எளிது. வெள்ளைச் சுவர்போல் ஒரே சீராக விரிந்த மணற்பரப்பில் கணினிக்குப் பற்றிக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை. இவ்வெல்லை பின்னாளில் ஒரு பறக்கும் பொறியின் பயணத்தையே முடித்துவைத்தது.

வழி காணும் கண்கள்

செவ்வாயில் ஓடிய முதல் ஊர்தி சோஜர்னர். 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் மார்ஸ் பாத்ஃபைண்டர் கலத்துடன் தரையிறங்கிய இதன் எடை 10.6 கிலோகிராம் மட்டுமே. இதில் மூன்று ஒளிப்படக் கருவிகள் இருந்தன. லேசர் ஒளிக்கோடுகளைத் தரையில் வீசி, அக்கோடுகள் வளைவதையும் முறிவதையும் கருவிகளால் கண்டு, முன்னேயுள்ள கல்லையும் குழியையும் இது உணர்ந்தது. ஆயினும் சுற்றுப்புறம் முழுவதையும் காண்பதற்குத் தரையிறங்கு கலத்தில் இருந்த கருவியையே சார்ந்திருந்தது. தாயின் பார்வைக்கு எட்டிய தொலைவுக்குள் விளையாடும் குழந்தைபோல அது கலத்தின் அருகிலேயே உலவி ஏறத்தாழ நூறு மீட்டர் சென்றது.

ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஆகியவை தம் கண்களைத் தாமே சுமந்து சென்றன. ஒவ்வோர் ஊர்தியிலும் ஒன்பது கருவிகள் இருந்தன. ஊர்தியின் உடற்பகுதிக்குக் கீழே, முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக இடர் காணும் கருவிகள் அமைந்திருந்தன. இவை 120 பாகை அகலத்திற்குச் சக்கரங்களை ஒட்டிய தரையைக் கண்டன. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் வழிகாணும் கருவிகள் இரண்டு இருந்தன. மரத்தின்மீது ஏறி நின்று வழி பார்ப்பவர்க்கு மேட்டின் மறுபுறமும் ஓரளவு தெரிவதுபோல, உயரத்திலிருந்து பார்க்கையில் பாறையின் பின்னே மறைந்த தரையும் புலப்படும்.

வழிகாட்டும் இக்கருவிகள் அனைத்தும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தன. கல்லின் தொலைவைக் கணக்கிட அதன் நிறம் தெரியவேண்டியதில்லை. மேலும், வண்ண உணரியில் ஒவ்வொரு படப்புள்ளியும் செம்மை, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே உணர்வதால் நுண்விவரம் ஓரளவு குறையும். தேவையற்ற நிறத்தை விடுத்துத் தெளிவைக் கொள்வதே அன்றைய வடிவமைப்பாளரின் முடிவு.

சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதைக் கொண்டு சென்ற தொலைவைக் கணக்கிடலாம். ஆனால் மணற்சரிவில் சக்கரம் சுழன்றும் ஊர்தி நகராமல் இருக்கலாம். சேற்றில் சிக்கிய வண்டியின் சக்கரம் சுழல்வதைக் கண்டவர்க்கு இது விளங்கும். ஆகவே ஊர்தி சற்றே நகர்ந்ததும் நின்று படமெடுக்கும். முந்தைய படத்திலிருந்த அதே கற்கள் புதிய படத்தில் எங்கே உள்ளன என்று ஒப்பிடும். அவ்வேறுபாட்டிலிருந்து தான் உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்பதைக் கணக்கிடும். சக்கரம் சொல்வதைக் கண் சரிபார்க்கும் முறை இது.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி இம்முறைக்கு வேண்டிய அடையாளங்களையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதன் சக்கரங்களில் குறிப்பிட்ட ஒழுங்கில் துளைகள் இடப்பட்டுள்ளன. சக்கரம் உருளும்போது அத்துளைகள் மணலில் பதிந்து, ஊர்தியை உருவாக்கிய ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஆங்கில முதலெழுத்துகள் மூன்றையும் மோர்ஸ் குறிகளாக எழுதிச் செல்கின்றன. திரும்பிப் பார்த்து இரு பதிவுகளுக்கு இடையிலுள்ள தொலைவை அளந்தால், சக்கரம் வழுக்கிய அளவு தெரிந்துவிடும்.

கியூரியாசிட்டியின் பதினேழு கருவிகளுள் பன்னிரண்டு வழிகாண்பதற்கும் இடர்காண்பதற்கும் உரியவை. அவற்றுள் பாதி மாற்று ஏற்பாடு. ஊர்தியில் இரண்டு கணினிகள் உள்ளன; ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கண்கள். 2013ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் முதற்கணினியின் நினைவகத்தில் கோளாறு ஏற்பட்டபோது, பணி இரண்டாம் கணினிக்கு மாற்றப்பட்டது. அதற்கென இருந்த கண்கள் திறந்துகொண்டன, பயணம் தொடர்ந்தது.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் ஜெசீரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ், தரையைத் தொடும் முன்னரே பார்க்கத் தொடங்கியது. இறங்கும்போது எடுத்த படங்களை, சுற்றுக்கலன் படங்களைக்கொண்டு முன்னரே உருவாக்கிய வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தான் இருக்கும் இடத்தை அறிந்து, பாறைகளைத் தவிர்த்துப் பாதுகாப்பான தரையைத் தேர்ந்துகொண்டது. அன்று செய்தி புவியை அடையப் பதினொரு நிமிடங்களுக்கும் மேலாயிற்று. இறங்கும் நிகழ்வோ ஏழு நிமிடங்களே. 'வளிமண்டலத்துள் நுழைந்தது' என்ற செய்தி புவிக்கு எட்டியபோது ஊர்தி ஏற்கெனவே தரையில் நின்றிருந்தது.

இவ்வூர்தியின் வழிகாணும் கருவிகள் 2 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட வண்ணப் படங்களை எடுக்கின்றன. படங்களை ஆராய்வதற்கென்றே தனிக் கணினியும் உண்டு. முந்தைய ஊர்திகள் சற்று நகர்ந்து, நின்று, எண்ணிப்பார்த்து, மீண்டும் நகர்ந்தன. பெர்சிவரன்ஸ் ஓடிக்கொண்டே அடுத்த வழியைக் கணிக்கிறது. தானே வழிகாணும் முறையில் கியூரியாசிட்டி மணிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் செல்ல, இது மணிக்கு 120 மீட்டர் வரை செல்லவல்லது.

தெரிந்து தெளிவோம்

சோஜர்னர் (1997) – 3 ஒளிப்படக் கருவிகள்
ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி (2004) – ஒவ்வொன்றிலும் 9
கியூரியாசிட்டி (2012) – 17
பெர்சிவரன்ஸ் (2021) – தரையிறக்கத்திற்குரியவற்றையும் சேர்த்து 23

ஆராயும் கண்கள்

வழியறிந்து சென்றபின் ஊர்தி எதைக் காணவேண்டும் என்பது அடுத்த வினா. ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஆகியவற்றின் நிலக்காட்சிக் கருவிகளில் ஒவ்வொரு கண்ணின் முன்னும் எட்டு இடங்கள் கொண்ட வடிகட்டிச் சக்கரம் இருந்தது. அது சுழலும்போது வெவ்வேறு அலைநீள ஒளி மட்டும் உணரியை அடையும். இரும்புச் சேர்மங்கள் சில அலைநீளங்களை மிகுதியாக உறிஞ்சும், சிலவற்றை எதிரொளிக்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பாறைகளை இவ்வடிகட்டிகள் வேறுபடுத்திக் காட்டின. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியிலும் அவற்றுட் சில பார்த்தன.

ஊர்தியின் கையின் நுனியில் நுண்ணோக்குக் கருவி ஒன்று இருந்தது. அது மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள பரப்பை 1024 படப்புள்ளிகளாகப் பகுத்துக் காட்டியது. அதாவது ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர். ஆப்பர்சூனிட்டி இறங்கிய இடத்தில் சில மில்லிமீட்டர் பருமனுள்ள உருண்டைகள் மண்ணிலும் பாறைக்குள்ளும் நிறைந்திருப்பதை இக்கருவி காட்டிற்று. அறிவியலாளர் அவற்றிற்கு 'அவுரிநெல்லி' எனப் பொருள்படும் புளூபெரி என்னும் பழத்தின் பெயரைச் சூட்டினர். பிற கருவிகள் அவை ஹேமடைட் என்னும் இரும்புத் தாதுவைக் கொண்டவை எனக் கண்டன. பாறை இடுக்குகளில் ஊறிய நீரிலிருந்து உருவானவை அவை என்னும் முடிவுக்கு, உருண்டைகள் பாறைக்குள் பரவியிருந்த விதமும் சான்றாயிற்று.

எதிர்பாராத இடத்திலும் கண் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டில் ஸ்பிரிட்டின் முன் வலச்சக்கரம் செயலிழந்தது. அதன்பின் அவ்வூர்தி பின்னோக்கி நடந்து, உறைந்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே சென்றது. இழுபட்ட சக்கரம் ஏர்முனைபோல் மண்ணைக் கீறிற்று. 2007ஆம் ஆண்டில் அக்கீறலில் வெண்ணிற மண் தென்படுவதைப் படங்கள் காட்டின. ஆராய்ந்தபோது அது ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா எனத் தெரிந்தது. இத்தகைய படிவு வெந்நீர் ஊற்றுகளையோ எரிமலை ஆவியையோ சார்ந்து உருவாவது. ஒரு காலத்தில் அங்கு வெப்பமும் நீரும் ஒருங்கே இருந்தமைக்கு அது சான்றாயிற்று. சக்கரத்தின் ஊனம் மண்ணைத் திறந்தது. திறந்ததைப் பார்க்கக் கண் ஆயத்தமாக இருந்தது.

நிறம் மெய்யா?

செந்நிறத்தால் பெயர்பெற்ற கோள் செவ்வாய். அதன் வானம் என்ன நிறம்? 1976ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் வைக்கிங் 1 கலம் அங்கு இறங்கியது. மறுநாள் வெளியான முதல் வண்ணப் படத்தில் வானம் புவியின் வானம்போல் நீலமாக இருந்தது. கலம் நிலையாக நின்றது. கருவியும் பழுதின்றி இயங்கியது. எனினும் நிறம் தவறாக அமைந்துவிட்டது. கலத்தின்மேல் பொருத்தப்பட்டிருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்தியபின், புழுதி மிதக்கும் அவ்வானம் இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள்பழுப்பு நிறத்தது எனத் தெளிவாயிற்று. வானம் நீலமாகத்தான் இருக்கும் என்னும் பழக்கம், படத்தைப் பார்த்த கண்களுக்கு ஐயம் எழாதவாறு செய்திருந்தது.

இதனாலேயே ஊர்தி ஒவ்வொன்றும் தன் பார்வையைச் சோதித்துக்கொள்ளும் பலகையைச் சுமந்து செல்கிறது. ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஆகியவற்றில் அது சூரியக் கடிகார வடிவில் அமைந்தது. நடுவே சிறு தூண். சுற்றிலும் வெண்மை முதல் கருமை வரையிலான சாம்பல்நிற வளையங்கள். மூலைகளில் நால்வகை நிறங்கள். இந்நிறங்களின் துல்லிய அளவு புவியிலேயே குறித்துவைக்கப்பட்டது. செவ்வாயில் பலகையைப் படமெடுத்து அவ்வளவோடு ஒப்பிட்டால், அன்றைய ஒளியும் புழுதியும் நிறத்தை எவ்வளவு மாற்றியுள்ளன என்பது விளங்கும். தூணின் நிழலுக்குள் விழும் ஒளியைக் கொண்டு, வானம் தரும் ஒளியைச் சூரிய ஒளியிலிருந்து பிரித்தும் அறியலாம்.

கியூரியாசிட்டியின் பலகையில் 1909ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. நிலவியலாளர் கள ஆய்வில் பாறையைப் படமெடுக்கும்போது, அளவு தெரிவதற்காக அருகில் ஒரு நாணயத்தை வைப்பது வழக்கம். அவ்வழக்கம் செவ்வாய்க்கும் சென்றது.

படம் புவியை அடையும் வழி

ஊர்தி பெரும்பாலும் படங்களை நேரே புவிக்கு அனுப்புவதில்லை. செவ்வாயைச் சுற்றிவரும் கலன்கள் தலைக்குமேல் கடக்கும் சில நிமிடங்களில் அவற்றிற்கு அனுப்புகிறது. அவை புவிக்கு அஞ்சல் செய்கின்றன. அனுப்பத்தக்க தரவின் அளவு குறைவு. எடுக்கப்படும் படங்களோ மிகுதி. எனவே முதலில் ஒவ்வொரு படத்தின் சிறு மாதிரி மட்டும் வருகிறது. அவற்றுள் எவை முழுமையாகத் தேவை என்பதை அறிவியலாளர் தேர்ந்தெடுக்கின்றனர். தேர்ந்தெடுக்கப்பட்டவை சுருக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன.

பரந்த நிலக்காட்சி என்பது ஒரே சொடுக்கில் எடுத்த படம் அன்று. 2019ஆம் ஆண்டு நவம்பர் 24 முதல் டிசம்பர் 1 வரை கியூரியாசிட்டி எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை இணைத்து, 180 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட காட்சி உருவாக்கப்பட்டது. நிழல்கள் மாறுபடாதிருக்க, படங்கள் நண்பகலுக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையிலேயே எடுக்கப்பட்டன.

தன்னைத் தானே காணல்

ஊர்தி தன்னையே எடுத்துக்கொண்ட படங்களில் அதன் கை தெரிவதில்லை. அதனைக் கண்டு, 'அருகில் வேறு யாரோ நின்று எடுத்தனரோ' என ஐயுறுவோர் உண்டு. கையின் நுனியிலுள்ள கருவி, கையை வெவ்வேறு நிலைகளில் வைத்துப் பல படங்களை எடுக்கிறது. 2012ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் எடுத்த படம் 55 படங்களின் தொகுப்பு. ஒவ்வொன்றிலும் கை மறைத்த பகுதி வேறொன்றில் மறைவின்றி இருப்பதால், இணைக்கும்போது கை விடுபட்டுப்போகிறது.

இவை வெறும் நினைவுப் படங்கள் அல்ல. புழுதி எங்கே படிந்துள்ளது, உறுப்புகள் எந்நிலையில் உள்ளன என்பனவற்றை இவை காட்டுகின்றன. கியூரியாசிட்டியின் அலுமினியச் சக்கரங்களில் கூர்ங்கற்களால் கிழிசல்கள் விழுந்திருப்பதை 2013ஆம் ஆண்டில் படங்களே உணர்த்தின. அதன்பின் கூர்ங்கற்கள் குறைந்த வழிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன; சக்கரங்களைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை படமெடுத்துப் பார்ப்பதும் வழக்கமாயிற்று.

2009ஆம் ஆண்டில் ஸ்பிரிட் மென்மணலில் புதைந்தது. அதன் அடிவயிற்றைப் பார்க்கத்தக்க கண் அதற்கு இல்லை. பொறியாளர் கையின் நுனியிலிருந்த நுண்ணோக்குக் கருவியை ஊர்தியின் அடியில் நீட்டிப் படமெடுத்தனர். சில சென்டிமீட்டர் அண்மையிலுள்ள பொருளைக் காண்பதற்கென அமைந்த அக்கருவியில் காட்சி மங்கலாகவே பதிந்தது. ஆயினும் கூர்மையான பாறை ஒன்று அடிப்பகுதியைத் தொடுவதுபோல் இருப்பது புலனாயிற்று. ஊர்தி மீளவில்லை, 2010ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாளுக்குப்பின் அதனிடமிருந்து செய்தி வரவில்லை. எனினும் அந்த மங்கலான படம் நிலைமையை உள்ளவாறு எடுத்துரைத்தது.

நிலவில் பிரக்யான்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் இந்தியாவின் சந்திரயான்–3 நிலவின் தென்முனையை அடுத்த பகுதியில் இறங்கியது. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் இத்திட்டத்தின் இயக்குநர். விக்ரம் தரையிறங்கு கலத்திலிருந்து வெளிவந்த 26 கிலோகிராம் எடையுள்ள பிரக்யான் ஊர்தியின் முன்புறத்தில் இரண்டு வழிகாணும் கருவிகள் இருந்தன. பெங்களூருவிலுள்ள இஸ்ரோவின் மின்–ஒளியியல் அமைப்புகள் ஆய்வகம் அவற்றை உருவாக்கியது. படங்கள் விக்ரம் வழியாகப் புவிக்கு வந்தன. அவற்றிலிருந்து நிலவடிவம் வரையப்பட்டது. பின்னரே வழி தீர்மானிக்கப்பட்டது.

ஆகஸ்டு 27ஆம் நாள், ஊர்திக்கு மூன்று மீட்டர் முன்னே நான்கு மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று இருப்பதைப் படம் காட்டியது. வந்த வழியே திரும்புமாறு ஆணையிடப்பட்டது. ஊர்தி வேறு வழியில் சென்றது. மூன்று நாள்களுக்குப்பின், தன்னைச் சுமந்து வந்த விக்ரமையும் அது படமெடுத்து அனுப்பியது.

பார்வை தவறும் இடம்

பெர்சிவரன்சுடன் சென்ற இன்ஜெனுயிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டர், 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் செவ்வாயில் முதன்முதலாகப் பறந்தது. ஐந்து முறை பறப்பதற்கெனத் திட்டமிடப்பட்ட அது 72 முறை பறந்தது. அதன் அடியிலிருந்த கறுப்பு வெள்ளைக் கருவி நொடிக்கு முப்பது படங்கள் எடுத்தது. தரையிலுள்ள கற்களும் மேடுகளும் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்கு எவ்வாறு இடம்பெயர்கின்றன என்பதைக் கொண்டே தன் விரைவையும் திசையையும் அது அறிந்தது.

2024ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் அது பறந்த இடம், அடையாளங்கள் அரிதான மணலலைப் பரப்பு. பற்றிக்கொள்ளப் போதிய புள்ளிகள் கிடைக்காமையால் அதன் வழிகாண் அமைப்பு விரைவைப் பிழையாகக் கணித்திருக்கவேண்டும் என்பது பின்னர் நடந்த ஆய்வின் முடிவு. இறங்கும்போது சுழலிகளின் இறக்கைகள் சேதமுற்றன. அதன் பறத்தல் அத்துடன் நின்றது. கருவி பழுதுபடவில்லை, அது பார்த்துக்கொண்டேயிருந்தது. பார்த்ததில் அளப்பதற்குரியது இல்லை என்பதே நேர்ந்த குறை.

வைக்கிங் காட்டிய நீல வானமும் இன்ஜெனுயிட்டியின் இறுதிப் பறத்தலும் ஒரே உண்மையை இரு வேறு வகையில் உணர்த்துகின்றன. படம் தானாக அறிவாகிவிடுவதில்லை. இரண்டாம் கண்ணோடு ஒப்பிட்டு, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, நிறப்பலகையோடு ஒப்பிட்டு, பிற கருவிகளின் சான்றோடு ஒப்பிட்ட பின்னரே அது நம்பத்தக்கதாகிறது.

செவ்வாய் ஊர்திகளின் மூலப்படங்களை நாசா பொதுமக்கள் பார்வைக்கு வைத்துவருகிறது. அவற்றை எந்த மாணவரும் காணலாம். காணும்போது, எந்தக் கருவி இதனை எடுத்தது, எவ்வளவு தொலைவிலிருந்து எடுத்தது, அளவை எதனோடு ஒப்பிட்டு அறிவது, நிறம் திருத்தப்பட்டதா என்னும் நான்கு வினாக்களைக் கேட்டுப் பழகுதல் நன்று. நாள்தோறும் கைப்பேசியில் வந்து குவியும் படங்களுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.